விடுபட்ட வருடம்

1888 ஜனவரி 9

அன்புள்ள சின்னவளுக்கு அத்தான் எழுதுவது.

நீயும் சகலையும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். எனக்குக் கொஞ்சம் இருமல். பனிக்காலத்து இருமல்தான், வெயில் வந்தால் போய்விடும் என்று வைத்தியர் சொல்கிறார்.

உன் அக்கா கண்மூடி மூன்று மாதமாகிறது. பள்ளிக் கமிட்டி போன வாரம் கூடி, அவள் வாழ்க்கையைச் சிறு புத்தகமாகப் போடுவதென்று தீர்மானித்தது. கமிட்டி என்றால் மூன்று பேர்தான்: தானியக்காரர், வைத்தியர், பிரார்த்தனைக் கூடத்துப் பெரியவர். தலைமை ஆசிரியன் என்பதால் நான் செயலாளர். இந்த யோசனையை முதலில் சொன்னவர் தானியக்காரர். பள்ளி நடக்கும் கட்டடம் அவருடையது என்பது உனக்குத் தெரியும்.

ஜூலை முதல் தேதி பள்ளி ஆண்டு விழாவில் பிரார்த்தனைக் கூடத்தில் ஊரார் முன்னிலையில் நானே அதை வாசிக்க வேண்டும் என்று ஏற்பாடு. அவள் இடத்துக்கு வரும் புது ஆசிரியையும் அன்றே பொறுப்பேற்பார்.

சகலையின் அச்சுக்கூடம் இருக்கும்போது வேறு எங்கே போவேன்? நீயே அச்சுக்கோர்ப்பாய் என்றால் இன்னும் நிம்மதி. இருபத்து நான்கு பக்கம் வரும். கையெழுத்துப் பிரதியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் திருத்திக்கொள். மற்றபடி எதையும் மாற்ற வேண்டியிராது.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

அத்தான்


1888 ஜனவரி 24

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் பார்சல் பத்திரமாக வந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவனுக்குப் பல் விழுந்து வாய் ஜன்னல்போல் இருக்கிறது. உங்கள் இருமலுக்கு வைத்தியர் என்ன கொடுத்தாலும் குடியுங்கள். முகம் சுளிப்பதற்கு அக்கா இல்லை என்பதற்காக மருந்தை ஜன்னல் வழியாக ஊற்ற வேண்டாம். அந்தப் பழக்கம் எனக்கும் தெரியும்.

முதல் எட்டுப் பக்கம் கோர்த்துவிட்டேன். நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஒரு சந்தேகம். இந்த அம்மாள் யார்?

விடியற்காலை எழுந்தாள், பிரார்த்தனை செய்தாள், கணவன் சொல் தட்டவில்லை, பிள்ளைகளைக் கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. பிரார்த்தனை உண்மை. மற்றதெல்லாம் என் அக்காவா? ‘பொறுமை’ என்ற சொல் பத்தொன்பது இடத்தில் வருகிறது. எங்கள் எழுத்துப் பெட்டியில் அத்தனை ‘று’ கிடையாது. அக்காவிடமும் கிடையாது.

ஒரு கதை கேளுங்கள், அவள் எனக்கு எழுதியது. சுமை தூக்க ஆள் வேண்டுமென்று ஒரு தகப்பன் வகுப்பு நடுவில் வந்து மகளை இழுத்தாராம். அக்கா தடுக்கவில்லை. “தாராளமா கூட்டிட்டுப் போங்க. பலகையில இருக்கிற வரிய மட்டும் வாசிச்சுக் காட்டிட்டுப் போங்க” என்றாளாம். அவருக்கு வாசிக்கத் தெரியாது. மகளே வாசித்தாள்: “என் அப்பா நல்லவர்.” அப்புறம் அந்த மனிதர் எப்படி இழுத்துக்கொண்டு போவார்? தலையைச் சொறிந்துகொண்டு தனியாகப் போய்விட்டாராம். இதைச் சேர்க்கலாமே.

இன்னொன்று. பதினோராம் பக்கத்தில் 1874 முடிகிறது, பன்னிரண்டாம் பக்கத்தில் 1876 ஆரம்பிக்கிறது. நடுவில் ஒரு வருடம் விடுபட்டிருக்கிறது. அச்சுக்கோர்த்தவள் தூங்கிவிட்டாள் என்று பழி என் தலையில்தான் விழும். அந்தத் தாள் மேஜையடியில் கிடக்கிறதா, பாருங்கள்.

உங்கள் சகலை உங்களுக்கு வணக்கம் சொல்கிறார்.

சின்னவள்


1888 பிப்ரவரி 6

அன்புள்ள சின்னவளுக்கு,

உங்கள் சுகச் செய்தி அறிந்து மகிழ்ச்சி. இருமல் குறைந்திருக்கிறது. மருந்தைக் குடித்தேன்.

‘பொறுமை’யைப் பதினொன்றாகக் குறைத்துத் திருத்தப் பட்டியல் வைத்திருக்கிறேன். தகப்பன் கதையைச் சேர்த்துக்கொள். எனக்கு அது தெரியாது. அதெல்லாம் உனக்குத்தான் எழுதினாள் போலிருக்கிறது.

தாள் எதுவும் விழவில்லை. 1875இல் குறிப்பிடும்படியாக ஒன்றும் நடக்கவில்லை. அந்த வருடம் உடல் தேறுவதற்காகச் சில வாரம் உன் வீட்டில் தங்கியிருந்தாள் என்று வேண்டுமானால் ஒரு வரி சேர்.

ஒன்றை மட்டும் ஓர் எழுத்துக்கூட மாற்றாதே. “1878இல் தோல்பட்டறைத் தெருப் பெண்பிள்ளைகளுக்கும் பள்ளியின் கதவைத் திறந்தோம்” என்று எழுதியிருக்கிறேன் அல்லவா, அந்த வாக்கியம். பள்ளிப் பரிசோதகரின் அறிக்கையிலும் அப்படித்தான் இருக்கிறது. ஊரில் என்னைப் பற்றி நாலு பேர் நல்லவிதமாகச் சொல்வது அதற்காகத்தான்.

பள்ளி ஒருவிதமாக ஓடுகிறது. கீச்சுக்குரல் என்பதால் எல்லோரும் கீச்சு என்று கூப்பிடும் பெண் ஒருத்தி, அந்தத் தெருவைச் சேர்ந்தவள், உன் அக்காவிடம் படித்தவள், இப்போது உதவிக்கு இருக்கிறாள். வகுப்புகளை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள்.

அத்தான்


1888 பிப்ரவரி 20

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் மருந்து குடித்தீர்கள் என்று படித்துவிட்டுச் சகலையிடம் காட்டினேன். அவர் நம்பவில்லை. நான் நம்புகிறேன்.

சில வாரமா? தொண்ணூற்றொரு நாள் அத்தான். உடல் தேறவா? அந்தத் தொண்ணூற்றொரு நாளும் என் வீட்டுத் தண்ணீரை அவள்தான் இறைத்தாள். ஒரு கைக்கு ஒரு வாளி. வந்த அன்று பெட்டியை வைத்த கையோடு “சோப்பு எங்கடி இருக்கு?” என்று கேட்டு, வீட்டிலிருந்த திரைச்சீலை எல்லாவற்றையும் கழற்றித் துவைத்துப் போட்டாள். அழவில்லை. நான் கேட்டபோதெல்லாம், “அப்புறம் பேசலாம்” என்றாள். அந்த அப்புறம் வரவேயில்லை.

பிறகு அச்சுக்கூடத்தில் போய் நின்றாள். பதினைந்தே நாளில் சகலையிடம் அச்சுக்கோர்க்கக் கற்றுக்கொண்டாள். அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டு நானும் கற்றேன். நான் இன்றைக்குத் தொழில்காரி என்றால் உங்கள் புத்தகத்தில் இல்லாத அந்த வருடத்தினால்தான்.

காலையில் அவள் பிரார்த்தனை செய்யும்போது பக்கத்து அறையில் எனக்குக் கேட்கும். உங்களுக்காகத்தான் முதலில் கேட்பாள். ஒருநாள் எனக்குத் தாங்கவில்லை. “உன்னை இப்படி விட்டுட்டு ஒரு கடுதாசிகூடப் போடாம இருக்கிற மனுஷனுக்காகவா?” என்று கேட்டேன். “அவருக்குத்தான் இப்ப அதிகமா வேணும்” என்றாள்.

கடைசியில் ஒரு காலை பெட்டியைக் கட்டினாள்.

“அத்தான் கூப்பிட்டாரா?”

“இல்ல.”

“பின்ன எதுக்குப் போற?”

“பள்ளிக்கூடத்த நான் ஏன் விட்டுட்டு வந்தேன்? அதுதான் நான் பண்ண தப்பு.”

அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பதின்மூன்று வருடமாக இவ்வளவுதான் தெரியும். உங்களுக்கு மீதி தெரியும். என்ன நடந்தது அத்தான்?

பிள்ளைகள் உங்களை விசாரிக்கிறார்கள்.

சின்னவள்


1888 ஏப்ரல் 3

அன்புள்ள அத்தானுக்கு,

ஆறு வாரமாகிறது. உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. இருமல் திரும்பி வந்துவிட்டதோ என்று முதலில் பயந்தேன். பிறகு, நீங்கள் நன்றாக இருப்பதாக வேறொருவர் மூலமாகத் தெரிந்தது. யார் என்று சொல்கிறேன்.

அந்தக் கீச்சு எனக்கு எழுதியிருக்கிறாள். பிள்ளைகளுக்கு வாசிப்புப் புத்தகம் அச்சிட்டுத் தர முடியுமா என்று கேட்டு. கையெழுத்தைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. அப்படியே அக்காவின் கையெழுத்து, அந்த ‘ழ’வின் வால் உட்பட. கடைசியில் ஒரு வரி: “ஜூலைக்குப் பிறகு நான் பலகை துடைக்கவும் கூட்டிப் பெருக்கவும் மட்டுமே இருப்பேன். அதனால் அதற்குள் புத்தகம் வந்தால் நல்லது.” குறையாக எழுதவில்லை. மழை வரும் என்பதுபோல் எழுதியிருக்கிறாள்.

வெளியூரிலிருந்து வேறு ஒரு பெண்ணை வைக்கத் தானியக்காரர் சொன்னார் என்றும், சிபாரிசில் நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்றும் எழுதியிருக்கிறாள். உண்மையா?

பதினோராம் பக்கத்தோடு நிறுத்தி வைத்திருக்கிறேன். கோர்த்த எழுத்தெல்லாம் கயிறு கட்டி மூலையில் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்னவள்


1888 ஏப்ரல் 15

அன்புள்ள சின்னவளுக்கு,

நலமாக இருக்கிறேன். பரீட்சை வேலையில் எழுத முடியவில்லை.

ஆசிரியை நியமனம் கமிட்டியின் முடிவு. தானியக்காரர், “படிக்கட்டும், வேணாங்கல. ஆனா நாற்காலியில உக்காந்து நம்ம பிள்ளைங்கள எழுந்திரு, உக்காருன்னு சொல்லக் கூடாது” என்கிறார். கட்டடம் அவருடையது. நான் வெறும் செயலாளர். இதில் நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

1875 இல்லாமலே புத்தகம் போகட்டும். யாரும் எண்ணிப் பார்க்கப் போவதில்லை.

அத்தான்


1888 ஏப்ரல் 27

அன்புள்ள அத்தானுக்கு,

நலம் விசாரிக்க மறந்துவிட்டீர்கள். பரவாயில்லை. எல்லோரும் நன்றாக இருக்கிறோம்.

நான் கோபத்தில் எழுதவில்லை. கோபப்பட்டு முடித்துவிட்டு, கை கழுவிவிட்டு எழுதுகிறேன். புத்தகம் உங்களுடையது. அட்டையில் உங்கள் பெயர் வருகிறது. நீங்கள் சொன்னால் சொன்னபடியே அச்சடித்துக் கட்டு கட்டி அனுப்புகிறேன். ஒரு புள்ளி மாறாது. அது என் தொழில்.

ஆனால் எனக்குப் பன்னிரண்டு வயதில் நீங்கள் எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தீர்கள். எனக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்தது நீங்கள். “தப்பா போட்டா அழிக்காத, கோடு போட்டுப் பக்கத்துல சரியாப் போடு. எங்க தப்பினோம்னு தெரியணும்” என்பீர்கள். அந்த ஆளிடம் கேட்கிறேன். செயலாளரிடம் கேட்கவில்லை.

அக்கா உங்களை ஒருநாளும் காட்டிக்கொடுக்கவில்லை. என்னிடம்கூட. அப்படி எதை மறைத்தாள்? நீங்கள் என்ன செய்தீர்கள்?

சின்னவள்


1888 மே 18

அன்புள்ள சின்னவளுக்கு,

நீங்கள் எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். என் உடம்பு நன்றாக இருக்கிறது. இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். இதையும் கிழித்துவிடக் கூடாதென்று தபாலாபீஸ் மேஜையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

1875 தொடக்கத்தில் உன் அக்கா வாய்க்காலைத் தாண்டித் தோல்பட்டறைத் தெருவுக்குப் போய் ஒன்பது பெண்பிள்ளைகளை அழைத்து வந்தாள். என்னைக் கேட்கவில்லை. கேட்டால் ‘யோசிப்போம்’ என்பேன் என்று அவளுக்குத் தெரியும். ஏற்கெனவே இருந்த இருபத்திரண்டு பேரோடு அவர்களை ஒரே பெஞ்சில் கலந்து உட்காரவைத்தாள். இரண்டாவது வாரம் தானியக்காரர் வந்தார். “வாத்தியாரே, வாசல்ல நிக்க முடியல, அவ்வளவு நாத்தம். ஒண்ணு அவங்க போகணும், இல்ல நீங்க வேற கட்டடம் பாருங்க.”

அவளிடம் இதைச் சொல்ல எனக்குப் பயம். அழுவாள் என்றல்ல. “சரி, வேற கட்டடம் பார்ப்போம்” என்று சொல்லிவிடுவாள் என்று பயம்.

அந்தச் சமயத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்து ஆறு நாள் படுக்கை. மூன்றாம் நாள் காலை ஒன்பது பேரும் பள்ளி வாசலுக்கு வந்தார்கள். அவளுக்காகக் கையில் பூ வைத்திருந்தார்கள். நான் கதவை மறைத்து நின்றுகொண்டு சொன்னேன்: “இனிமே வரவேண்டாம். அம்மாதான் சொல்லச் சொன்னாங்க.”

‘நான் சொல்கிறேன்’ என்று சொல்லியிருக்கலாம். ‘தானியக்காரர் சொல்கிறார்’ என்று சொல்லியிருக்கலாம். அவள் பெயரைச் சொன்னால்தான் கேள்வி கேட்காமல் போவார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அப்படியேதான் போனார்கள். பூவை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார்கள். அதை நான் எடுத்து எறிந்தேன்.

காய்ச்சல் விட்டு எழுந்தவளிடம், அவர்களாகவே நின்றுவிட்டார்கள் என்றேன். அவள் நேரே அந்தத் தெருவுக்குப் போனாள். கீச்சுக்கு அப்போது பத்து வயது. உன் அக்காவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “நீங்கதானே வரவேண்டாம்னு சொன்னீங்க” என்றிருக்கிறாள். உன் அக்கா திரும்பி வந்து என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். “எம் பேர ஏன் சொன்னீங்க?”  மறுநாள் உன் வீட்டுக்கு வண்டி ஏறினாள்.

தொண்ணூற்றொரு நாள் என்று எண்ணி எழுதியிருந்தாய். நானும் எண்ணினேன்.

திரும்பி வந்தவள் முதலில் வீட்டுக்கு வரவில்லை. தோல் உலர்த்தும் கொட்டகைக்குப் போய், அந்தப் பிள்ளைகளை உட்காரவைத்து, “நான் செஞ்சது தப்பு. மன்னிச்சுக்கோங்க. நாளையிலருந்து மத்தியானம் இங்கேயே பாடம்” என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் வீட்டுக்கு வந்தாள். “செய்யாத தப்ப ஏன் ஏத்துக்கிட்டே?” என்று கேட்டேன்.

“வாத்தியார் பொய் சொல்வாருன்னு இந்த வயசுல தெரிஞ்சா, அதுங்க அப்புறம் எந்தப் புத்தகத்த நம்பும்? உங்க தப்ப நான் சொல்லமாட்டேன். நீங்கதான் சொல்லணும். என்னைக்கு முடியுதோ அன்னைக்குச் சொல்லுங்க.”

அதற்குப் பிறகு அவள் இருந்த பன்னிரண்டு வருடத்தில் ஒருநாளும் அதை நினைவூட்டவில்லை. ஆனால் அவர்கள் வெளியே இருந்த மூன்று வருடமும் பள்ளியில் காலைப் பிரார்த்தனையின்போது பிள்ளைகள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கடவுளிடம் ஒப்படைப்பாள். எதிரில் உட்கார்ந்திருப்பது இருபத்திரண்டு பேர். அவள் சொல்வது முப்பத்தொரு பெயர். நான் கண்ணை மூடிக்கொண்டு தினமும் எண்ணுவேன். ஒருநாள்கூடக் குறைந்ததில்லை. நீ பொறுமை என்கிறாயோ இல்லையோ, அதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை. பிடிவாதம் என்றும் சொல்லலாம். அவள் பக்தியில் இரண்டும் ஒன்றுதான்.

காலையில் பள்ளியிலும் மத்தியானம் கொட்டகையிலுமாக மூன்று வருடம் சொல்லிக்கொடுத்தாள். 1878இல் பரிசோதகர் வந்தபோது அந்த ஒன்பது பேரையும் அழைத்து வந்து முற்றத்தில் நிறுத்தினாள். அவர்களைப்போல் அன்று யாரும் வாசிக்கவில்லை. பரிசோதகர் நேராக என்னிடம் வந்து கையைக் குலுக்கி, “இப்படிப்பட்ட ஏற்பாட்டை எந்த ஊரிலும் பார்த்ததில்லை” என்றார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அறிக்கையில் என் பெயர் வந்தது. கட்டடம் கொடுத்தவர் பெயரும் வந்தது. அதற்குப் பிறகு தானியக்காரருக்கு நாற்றம் தெரியவில்லை. கதவு திறந்தது. திறந்தவன் நான் என்று ஊர் சொல்கிறது.

போன பிப்ரவரியில் அந்தச் சிபாரிசில் கையெழுத்துப் போட்டபோது, இரண்டாம் தடவையாக அதே கதவை மறைத்து நின்றேன். உன் கடிதம் வந்தபோது சிபாரிசின் நகல் என் மேஜையில் இருந்தது. அதனால்தான் பதில் எழுதவில்லை. பரீட்சை ஒன்றும் இல்லை.

பின்னம் பற்றி எழுதியிருந்தாய். அழிக்காமல் கோடு போட்டிருக்கிறேன். இத்துடன் 1875ஆம் வருடத்தை அனுப்புகிறேன். ஆறு தாள். 1878 பற்றிய வாக்கியத்தை எடுத்துவிட்டு, நடந்ததை எழுதியிருக்கிறேன். எழுத்துப்பிழை மட்டும் பார்.

அத்தான்


1888 மே 30

அன்புள்ள அத்தானுக்கு,

எல்லோரும் சௌக்கியம். உங்கள் உடம்பு நன்றாக இருப்பதில் சந்தோஷம். உண்மையாகவே சொல்கிறேன்.

கடிதத்தைப் படித்துவிட்டு முதல் நாள் உங்களைத் திட்டினேன். சகலை சாட்சி. அவர் பாவம், நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தார். இரண்டாம் நாள் அக்காவைத் திட்டினேன், என்னிடம்கூடச் சொல்லாமல் போனதற்கு. மூன்றாம் நாள் உட்கார்ந்து கோர்த்தேன். ஆறு தாளையும் ஒரே மூச்சில். “அம்மாதான் சொல்லச் சொன்னாங்க” என்ற வரியில் மட்டும் கை நின்றது. சகலை வந்து அந்த ஒரு வரியைக் கோர்த்துக் கொடுத்தார்.

இப்போது இருபத்தெட்டுப் பக்கம். இதைப் படித்தால் எனக்கு அவளைத் தெரிகிறது. உங்களையும் தெரிகிறது. நான் உங்களை முழுக்க மன்னித்துவிட்டேனா என்று கேட்காதீர்கள். பாதி தூரம் வந்திருக்கிறேன், மீதிக்கு வண்டி வர வேண்டும். ஆனால் இதை எழுதிய ஆளை எனக்குப் பிடித்திருக்கிறது.

இரண்டு விஷயம். முகப்புப் பக்கத்தில் ‘பள்ளி ஆசிரியரின் மனைவி’ என்று இருந்தது. உங்கள் அனுமதி கேட்காமல் ‘பள்ளி ஆசிரியை’ என்று மாற்றிவிட்டேன். எழுத்துப்பிழை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கீச்சு இதைக் கூட்டத்தில் முதல்தடவையாகக் கேட்கக் கூடாது. அவளை ஊர் திரும்பிப் பார்க்கும்போது அவளுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். கஷ்டம்தான். போய்ச் சொல்லுங்கள்.

சின்னவள்


1888 ஜூன் 14

அன்புள்ள சின்னவளுக்கு,

புத்தகக் கட்டு நேற்று வந்தது. அச்சு அழகாக இருக்கிறது. சகலைக்கு என் நன்றியைச் சொல். முகப்பில் இருந்த எழுத்துப்பிழையைப் பார்த்தேன். சரியான பிழை.

இன்று பள்ளி விட்டதும் கீச்சுவிடம் சொன்னேன். அவள் பலகைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் நின்றுகொண்டே பேசினேன். உட்காரத் தோன்றவில்லை. சொல்லி முடித்தபோது அவள் கையில் ஒரு பலகை இருந்தது. அதை வைக்கவுமில்லை, தூக்கவுமில்லை.

“அவங்க சொல்லலையா?” என்றாள்.

“சொல்லல.”

“காய்ச்சல்ல இருந்தாங்களா?”

“ஆமாம்.”

“பதிமூணு வருஷமா அவங்கள மன்னிச்சிட்டேன்னு நினைச்சிட்டிருந்தேன் ஐயா. அதுல எனக்கு ஒரு பெருமைகூட இருந்துச்சு. மன்னிக்க அங்க ஒண்ணுமே இல்லையா?”

அழுதாள். அந்தக் குரலில் அழுகை குருவி கத்துவதுபோல் இருந்தது. எனக்குச் சிரிப்பு வரக் கூடாது, வரவுமில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஐயா, உங்கமேல எனக்கு ரொம்பக் கோவம். நாளைக்கும் இருக்கும். ஆனா இத நீங்க வந்து சொன்னீங்க” என்றாள். பலகையை அதன் இடத்தில் வைத்துவிட்டுப் போனாள். நாளைக்குப் பள்ளிக்கு வருவாளா என்று கேட்கத் தைரியமில்லை.

அத்தான்


1888 ஜூலை 8

அன்புள்ள சின்னவளுக்கு,

உங்கள் எல்லோருடைய சௌக்கியத்தையும் எழுது. பெரியவனுக்குப் பல் முளைத்துவிட்டதா? எனக்கு இருமல் சுத்தமாக இல்லை.

கீச்சு மறுநாளே வந்தாள். கூட்டம் வரைக்கும் என்னோடு பேசவில்லை. வகுப்பை மட்டும் ஒழுங்காக நடத்தினாள்.

ஜூலை முதல் தேதி கூடம் நிறைந்திருந்தது. தானியக்காரர் முதல் வரிசையில், பக்கத்தில் வெளியூரிலிருந்து வந்த பெண். தோல்பட்டறைத் தெருக்காரர்கள் வழக்கம்போல் கடைசியில் நின்றார்கள். நான் வாசித்தேன். தகப்பன் கதையில் எல்லோரும் சிரித்தார்கள். 1875 வந்ததும் சத்தம் நின்றது. என் குரல் நடுங்கவில்லை. இருபத்தைந்து வருடம் வாத்தியாராக இருந்ததில் அந்த ஒரு லாபம்.

முடித்ததும் தானியக்காரர் எழுந்தார். “வாத்தியாரே, உங்க மானத்த நீங்களே கப்பல் ஏத்திட்டீங்க. கூடவே என்னையும் ஏத்திட்டீங்க.”

“உங்க பேர நான் எழுதலயே.”

“ஊருக்குத் தெரியாதா?”

“ஊருக்குத் தெரியட்டும்னுதான் எழுதினேன்” என்றேன். பிறகு கமிட்டியைப் பார்த்து, அந்தச் சிபாரிசிலிருந்து என் கையெழுத்தை எடுத்துக்கொள்வதாகச் சொன்னேன். தலைமை ஆசிரியர் பொறுப்பையும் செயலாளர் பொறுப்பையும் அங்கேயே விட்டேன்.

வைத்தியர் எழுந்து, அவர் வழக்கப்படி நோயாளியிடம் கேட்பதுபோல் கேட்டார்: “இந்த ஒன்பது மாசமா பள்ளிக்கூடத்த நடத்தினது யாரு?”  வெளியூர்ப் பெண்தான் பதில் சொன்னாள்: “எல்லாரும் அந்த அக்காவப் பத்திதான் எங்கிட்ட சொன்னாங்க. நான் எதுக்கு வந்தேன்னே எனக்குப் புரியல.” கூடத்துப் பெரியவர் சிரித்துவிட்டார். பள்ளிப் பொறுப்பைக் கீச்சுவிடம் கொடுக்க வைத்தியரும் பெரியவரும் கை தூக்கினார்கள். இரண்டுக்கு ஒன்று.

தானியக்காரர் மறுநாளே கட்டடத்தைப் பூட்டிவிட்டார். சொன்ன சொல் தவறாதவர். பெரியவர் கூடத்தின் பின்னறையைத் திறந்துவிட்டார். ஜன்னல் சின்னது, ஆனால் வெளிச்சம் வருகிறது. முதல் நாள் பதினான்கு பேர்தான் வந்தார்கள். வெள்ளிக்கிழமை இருபத்தாறு. வந்து சேராதவர்களின் வீடுகளுக்குக் கீச்சு தானே போகிறாள். தானியக்காரரின் பேத்தி இன்னும் வரவில்லை. அந்த வீட்டுக்கும் போனாளாம். “என்ன சொன்னாங்க?” என்றேன். “கதவத் திறந்தாங்க ஐயா, அது போதும், அடுத்த வாரம் மறுபடி போறேன்” என்றாள்.

அவள் என்னிடம் முதலில் பேசியது திங்கட்கிழமைதான். “எனக்குக் கணக்கு மட்டும் சரியா வராது. நீங்க வந்து எடுப்பீங்களா? ஒன்பது மணிக்கு வந்துடணும்.” வருகிறேன் என்றேன். முந்தாநாள் இரண்டு நிமிஷம் தாமதம். எல்லோர் முன்னாலும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.  நேற்று எட்டே முக்காலுக்கே போய்விட்டேன்.

புதிதாகச் சேர்ந்த ஒரு குட்டிப்பெண் என் பக்கத்தில் வந்து நின்று ஏற இறங்கப் பார்த்தாள்.

“நீங்க யாரு?”

“கணக்கு வாத்தியார்.”

“நீங்கதான் பெரிய வாத்தியாரா?”

“இல்லம்மா. பெரிய வாத்தியார் அங்க இருக்காங்க” என்று கீச்சுவைக் காட்டினேன். அந்தக் குட்டி ஓடிப்போய் அவள் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. நாளைக்குப் பின்னம் ஆரம்பிக்கிறேன். இன்னும் தயார் செய்யவில்லை, அதனால் இத்தோடு நிறுத்துகிறேன். விடுமுறையில் எல்லோரும் இங்கே வாருங்கள். வீடு பெரியது, திரைச்சீலைகளும் அழுக்காக இல்லை, நானே துவைத்தேன்.

அத்தான்